கயிறு கட்டிய கையில் ஊசி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மருமகள் மாரியிடமிருந்து போன் வந்தது. பவானியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கீரைக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. அந்தக் கீரையை என்ன செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

"அத்தை, அவுக கையி நடுங்குது. டம்ளரைப் பிடிக்க முடியல. நேத்துக் கயிறு கட்டுனதுல இருந்து ஒரு வாய் சாப்பிடல. வேர்த்து ஊத்துது."

"காய்ச்சலா கண்ணு?"

"காய்ச்சல் இல்ல. கயிறு வேலை செய்யுதுன்னு அப்பா சொல்றாரு. எனக்குத்தான் பயமா இருக்கு. நீங்க வாரீகளா?"

என் மகன் பிரபு அச்சுத் தொழிலில் டிப்ளமா படித்தவன். படிப்புக்கேற்ற வேலை சிவகாசியில்தான் கிடைக்கும் என்று போனான். ஒரு காலண்டர் அச்சகத்தில் மெஷின் ஆபரேட்டர் ஆனான். அந்த ஊரிலேயே மாரியைப் பார்த்துப் பிடித்துப்போக, நாங்களும் போய்க் கல்யாணத்தை நடத்திவைத்தோம். மாரி பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் அவள் அப்பா கந்தசாமியின் வீட்டை ஒட்டி ஒரு வீட்டில் குடியிருக்கிறார்கள். காலண்டர் சீசனில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்தவன், பிறகு எழுந்திருப்பதற்கும் குடிக்கவேண்டிய நிலைக்கு வந்துவிட்டான்.

சனிக்கிழமைதான் அவனைக் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய், குடியை விடுவதற்குக் கயிறு கட்டியிருந்தார்கள். கட்டிவிட்டால் ஒரு வருடம் ஒரு சொட்டுச் சாராயம்கூட மேலே படக்கூடாது. செய்தி கேட்டு நான் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். மறுநாள் காலையில் இந்த போன்.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். ஊர் விட்டு ஊர் போவதென்றால் முதல் நாளே பையை அடுக்கி, இரண்டு முறை பிரித்துப் பார்ப்பேன். அன்று உடுத்தியிருந்த சேலையோடு, கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதுரையில் பஸ் மாறும்போது தப்பு செய்தேன். கூட்டத்தில் கண்டக்டரிடம், "சிவகாசி போகுமுங்களா?" என்று கேட்டேன். அவர் பின்னால் வந்த யாருக்கோ, "ஏறுங்க, ஏறுங்க" என்றார். எனக்குச் சொன்னதாக நினைத்து ஏறிவிட்டேன். டிக்கெட் கேட்டபோதுதான் அது அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ் என்று தெரிந்தது. பதற்றத்தில் காரியாபட்டியில் இறங்கினேன். இறங்கியிருக்கவேண்டியதே இல்லையாம். அப்படியே அருப்புக்கோட்டை போய் விருதுநகருக்கு மாறியிருக்கலாம். அடுத்த பஸ்ஸுக்காக ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கம் தண்ணீர் தெரியாத இடம் குறைவு. ஆறு இல்லாவிட்டால் வாய்க்கால், வாய்க்கால் இல்லாவிட்டால் மஞ்சள் காடு. இங்கே கண்ணுக்கெட்டிய வரை கருவேல மரமும் கரிசல் மண்ணும். கார்த்திகை மழை பெய்திருந்ததால் மக்காச்சோளம் கொஞ்சம் பச்சை காட்டியது. டீயில் உப்புக் கரித்தது. தண்ணீரின் ருசி அப்படி.

பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். உரக்கடைக்கு வந்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கன போகணும் தாயி? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"கயிறா?" என்றார். "எந்தம்பி மூணு தடவை கட்டிட்டான். இப்பல்லாம் அவன் தலையப் பார்த்தாலே பூசாரி கோயில் கதவைச் சாத்துறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பயணத்தில் சிரித்த முதல் சிரிப்பு.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலீங்களா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "குடிக்கா? கால் ஒடிஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போவோம். குடி கொளுப்புல வாரதுதான. அதுக்குப் போயி சீட்டு வாங்கிட்டு வரிசையில நிக்கவா? நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாக?" பஸ் வந்ததும் அவரே என் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். பொட்டலம் கட்டிய காரச்சேவில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார். "வயித்துக்கு ஏதாச்சும் போடுங்க. அங்க போயி நீங்க விளுந்துறக் கூடாது."

விஸ்வநத்தம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. தெருவில் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டிருந்தார்கள். பிரபு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டில் மஞ்சள் தடவிய கறுப்புக் கயிறு. என்னைப் பார்த்து, "அம்மா, பவானி பஸ் கிடைச்சுதா?" என்றான். நான் பவானியிலிருந்துதான் வருகிறேன் என்பது அவனுக்குப் புரியவில்லை. சட்டை முழுதும் நனைந்திருந்தது. பேசும்போதே இரண்டு கைகளையும் காற்றில் நீட்டி, எதையோ பிடித்து, ஓரம் தட்டி, சரிசெய்து, பக்கத்தில் வைத்தான். மறுபடியும் பிடித்தான், தட்டினான், வைத்தான்.

"மத்தியானத்துல இருந்து இப்படித்தான் அத்தை. பேப்பர் அடுக்குறாக" என்றாள் மாரி.

அச்சகத்தில் தாள்களை இப்படித்தான் தட்டி அடுக்குவார்கள். இல்லாத தாளை அவன் அத்தனை கவனமாக அடுக்கினான். கோணலாக வந்ததை எடுத்துத் திருப்பி வைத்தான்.

"ஒரு டாக்டரைப் பார்த்துரலாமுங்க அண்ணா" என்று கந்தசாமி அண்ணனிடம் சொன்னேன். அவரும் பட்டாசுத் தொழிலாளிதான். நல்ல மனிதர். எனக்கென்று டவுனுக்குப் போய் முறுக்கும் பாலும் வாங்கி வந்திருந்தார்.

"தங்கச்சி, கயிறு கட்டுனா மூணு நாளைக்கு இப்படித்தான் ஆட்டும். உள்ள கெடந்த அழுக்கு வெளியேறுது. இப்பப் போயி ஊசி அது இதுன்னு போட்டு ஏதாவது கலந்துருச்சுன்னா, கயித்த மீறுன கணக்காயிரும். மீறுனா கட்டுனவனுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுல கம்பெனிக்குப் போற பொம்பளைக்குத்தான் ஆகும்."

பிறகு பேச்சியம்மாளின் கதையைச் சொன்னார். அதே தெருவில் இருந்தவள். கணவன் செல்லையா கயிறு கட்டி நாலைந்து மாதம் நன்றாக இருந்தான். பிறகு மீறினான்.

"மீறுன கையோட, கம்பெனியில பேச்சியம்மா வேலை பார்த்த ரூம்ல தீப்பிடிச்சிருச்சு தங்கச்சி. கையி, களுத்தெல்லாம் வெந்து போச்சு. வண்டியில தூக்கிப் போட்ட ஆள்ல நானும் ஒருத்தன். கண்ணால பார்த்தவன் சொல்றேன்."

"அந்தம்மா வீட்டுக்காரரு இப்போ எங்கீங்க?"

"செத்துப்போனான். குடிச்சே செத்தான்."

"அந்தம்மா?"

"ஆலங்குளத்துல, தம்பி வீட்டுல இருக்கு. சிமெண்ட் ஆலைப் பக்கம்."

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"அதுகிட்ட யாரு கேப்பா? வெந்து கெடந்தவகிட்டப் போயி, உன் புருசனாலதான்னு சொல்லவா முடியும்?"

மாரி டீ டம்ளரோடு கதவருகே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நாளைக்குக் கம்பெனிக்குப் போகிற பெண் அவள்தான். அந்தத் தெருவில் யாருக்கும் அது வெறும் கதை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை நன்றாக விடிந்திருந்தது. பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் தெரு முனையில் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்த பிரபு அப்படியே பின்னால் சாய்ந்தான். கண் மேலே போய், கைகால் விறைத்து, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ திருநீறு கொண்டுவந்தார்கள். "சாமி எறங்குது" என்று ஒரு குரல் கேட்டது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அவன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் சில நாள் சமையல் செய்துகொண்டிருக்கும்போது காரணமில்லாமல் அவன் பேரைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாரிதான் தெருவுக்கு ஓடினாள். காலண்டர் பண்டல் ஏற்றிக்கொண்டு போன ஒரு லோடு ஆட்டோவை மறித்தாள். டிரைவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுவிலிருந்த பண்டல்களை ஓரம் தள்ளி இடம் செய்தார். அடுத்த வருடத்துக் காலண்டர்களின் மேல் என் மகனைப் படுக்கவைத்தோம். இழுப்பு நின்றதும் அவன் கை தானாகப் பண்டலின் ஓரத்தைத் தேடித் தட்டிச் சரிசெய்தது. கந்தசாமி அண்ணன் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் நல்ல மாதிரி. மறுபடி வந்த இழுப்பை ஊசி போட்டு நிறுத்தினார். "இதுக்கு மனநல டாக்டர் பார்க்கணும்மா. இங்கே அவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். அதுவரைக்கும் இவரை வச்சிருக்கறது ஆபத்து. விருதுநகருக்கு அனுப்புறேன்" என்று ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கிளம்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டியே மதுக்கடை. அதற்குக் கிழமை கிடையாது.

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தமாக இருந்தது. டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகனைவிட வயது குறைவாக இருக்கும். தமிழைக் கொஞ்சம் சென்னை மாதிரி பேசினாள். எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். "தினமும் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காதும்மா. ஃபிட்ஸ் வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காம விட்டா உயிரே போயிடலாம். அவர் நிறுத்தினது தப்பில்ல. மருந்து இல்லாம நிறுத்தினதுதான் தப்பு. ஊசியும் மாத்திரையும் குடுத்துப் படிப்படியாக் குறைக்கணும். ஒரு வாரமாவது இங்கே இருக்கணும்."

கந்தசாமி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மருந்துல அது கலந்திருக்குமா டாக்டரம்மா?"

"எது?"

"அதுதான். குடி."

டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. விருதுநகர்க்காரி, வயதானவள். "கயிறு கட்டுன கேஸா? இப்பிடி நெறையப் பேரு வாராக மேடம்" என்றாள். பிறகு அண்ணனிடம், "மருந்துல அதெல்லாம் இல்லண்ணே. பயப்படாதீக" என்று சொல்லிவிட்டு, பிரபுவின் கயிற்றைத் தொடாமல், மற்ற கையில் டிரிப் ஏற்றினாள். அவனைப் பிடித்துக்கொள்ள நான்கு பேர் வேண்டியிருந்தது.

செவ்வாய் முழுதும் அவன் தூங்கினான். மாரி கட்டாயப்படுத்தி என்னை வெளியே சாப்பிட அனுப்பினாள். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றி எங்கள் சங்கத்தில் எல்லாரும் பேசுவார்கள். தட்டில் வந்தது. முறுக்குப் போல மொறுமொறுப்பாக, மேலே சால்னா ஊற்றி. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எனக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா இல்லையாம்மா?" என்றார். நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னேன். அது உண்மைதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கொத்தனார் இருந்தார். காரியாபட்டி தாண்டி ஒரு கிராமமாம். தெளிந்துவிட்டிருந்தார். எல்லாரிடமும் வம்பு பேசினார்.

"நான் ரெண்டாம் தடவை வந்த ஆளும்மா. இந்தக் கட்டிலுக்கு என் முதுகு அத்துபடி."

"முதல் தடவை போனப்ப நல்லாயிடலீங்களா?"

"நல்லாத்தான் ஆனேன். மாசாமாசம் வந்து மாத்திரை வாங்கணும்னாக. வரணும்னா பஸ் மாறி மாறி வரணும், அன்னிக்குக் கூலி போயிரும். ரெண்டு மாசம் வந்தேன். மூணாவது மாசம் ஒரு தளம் போடுற வேலை. விட்டா வேற ஆளைப் போட்டுருவாக. மாத்திரை தீர்ந்துபோச்சு. கடை எங்க ஊருக்குப் பிரியுற வெலக்குலயே இருக்கும்மா. மாத்திரை இங்கன இருக்கு. எது கிட்டக்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் மனைவி, "பேச்சுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல. டாக்டரம்மா கேட்டா வாயில கொளுக்கட்டை" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் பிரபு என்னைப் பார்த்து, "எப்பம்மா வந்தீங்க?" என்றான். கை நடுக்கம் குறைந்திருந்தது. காற்றில் எதையும் அடுக்கவில்லை. இட்லி கேட்டான். நான் ஊட்ட, ஒன்றரை இட்லி சாப்பிட்டான். மாரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

அப்போதுதான் அந்த நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தாள். வழக்கம்போலப் பஞ்சை நனைத்து அவன் தோளில் தடவினாள். வாசனை பட்டதும் பிரபு துள்ளி எழுந்தான்.

"இது என்னக்கா?"

"ஸ்பிரிட்டுப்பா. ஊசி போடுற எடத்தைத் தொடைக்கிறது."

"சாராயம்தான இது?" அவன் சட்டையால் தோளைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். தோல் சிவந்தது. "திங்கக்கெழமையில இருந்து இதைத்தான் தடவுனீகளா? மேல பட்டுருச்சே. மாரி, நீ கம்பெனிக்குப் போனியா?"

"போகலைங்க. இங்கனதான் இருக்கேன்."

"போகாத. நான் போயிக் குத்தம் கழிக்கிற வரைக்கும் போகாத."

என் மகன் பவானியில் பிறந்தவன். பேய், பிசாசு என்று நாங்கள் சொன்னால் சிறு வயதிலேயே சிரிப்பான். அவன் இப்போது மனைவியின் ஊர்ப் பேச்சில், மனைவியின் ஊர்ப் பயத்தில் நடுங்கினான். வேறு எதற்காகப் பயந்திருந்தாலும் நான் கோபப்பட்டிருப்பேன். அவன் பயந்தது மாரிக்காக.

நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். "வெந்நியில தொடச்சுட்டுப் போடுறேன் தம்பி. ஸ்பிரிட்டே வேண்டாம்." அவன் கேட்கவில்லை. இனிமேல் படுவதைப் பற்றி அவனுக்கு என்ன? ஏற்கெனவே பட்டுவிட்டது. மாத்திரையைத் துப்பினான். டாக்டர் வந்து பேசினாள். இன்னும் சில நாள் மருந்து உள்ளே போகாவிட்டால் இழுப்பு திரும்ப வரலாம், இந்தத் தடவை காப்பாற்ற முடியாமல் போகலாம் என்று அவனிடமும் சொன்னாள், எங்களிடம் தனியாகவும் சொன்னாள்.

கந்தசாமி அண்ணன் பூசாரியைக் கேட்டு வருவதாகக் கிளம்பினார். அவர் ஒரு நல்ல வார்த்தை வாங்கி வருவார் என்று நம்பினேன். சாயங்காலம் திரும்பி வந்து சொன்னார். "வருசம் முடியாம கயித்த அவுக்கப்படாதாம். குத்தம் கழிக்கணும்னா ஆளு நேர்ல வந்து சாமி முன்னால நிக்கணுமாம். நாளைக்குக் காலையில ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன் தங்கச்சி."

"டாக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சில்லீங்க அண்ணா?"

"கேட்டுச்சு. எனக்கு ரெண்டு பக்கமும் பயமா இருக்கு. ஒங்களுக்கு மகன். எனக்கு மக."

மாரி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, துணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிக் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை பிரபு அவளுக்குப் போன் போட்டான். போகவில்லை. மறுபடி போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பெண் குரல் சொன்னது. பட்டாசுக் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். அணைத்துக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். மாரியின் போன் பகலில் அணைந்திருந்தால் அவள் ரூமில் உட்கார்ந்து சரம் பின்னுகிறாள் என்றுதான் அந்த வீட்டில் அர்த்தம்.

"போயிட்டாம்மா. கம்பெனிக்குப் போயிட்டா." அவன் டிரிப் குழாயைப் பிடுங்கினான். போர்வையில் ரத்தம் சொட்டியது. நர்ஸ் ஓடிவந்து பஞ்சை வைத்து அழுத்தினாள். அண்ணன் கீழே ஆட்டோ வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதித் தரச்சொன்னார்கள். அவன் பேனாவைக் கேட்டான். விரல்கள் மறுபடி நடுங்கின.

நான் அவன் செருப்பை எடுத்து என் பைக்குள் போட்டு, பையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"செருப்பைக் குடுங்கம்மா."

"மாட்டேன்."

"வெறுங்காலோட போவேன்."

"போ கண்ணு. நானும் வெறுங்காலோட வர்றேன்." என் செருப்பையும் கழற்றினேன். கொத்தனார் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, வெளிய தார் ரோடு. ஆத்தாளைச் சுட வைக்காத" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வார்டு வாசலில் மாரி வந்து நின்றாள். பஸ் ஏறி இறங்கிய களைப்பு. தலை கலைந்திருந்தது. "சார்ஜ் தீர்ந்துபோச்சு" என்று பிரபுவிடம் போனை நீட்டினாள். அவள் பின்னால் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கலாம். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மெழுகு உருகி இறுகியது போலிருந்தன.

ஆட்டோ வந்துவிட்டது என்று சொல்ல மேலே ஏறி வந்த கந்தசாமி அண்ணன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "பேச்சியம்மா" என்றார்.

அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே கட்டிலருகே வந்தாள். அனுமதி கேட்காமல் பிரபுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலையில இந்தப் பிள்ளை ஆலங்குளத்துக்கு வந்து எல்லாம் சொல்லுச்சு தம்பி. என் கதைய எனக்கே சொல்லுச்சு. அப்பத்தான் ஊர்ல என்ன பேசுறாகன்னு முழுசாக் கேட்டேன். அன்னிக்கு மழை விட்டு வெயில் அடிச்ச நாளு. வெடி காயப்போட்ட தட்டைத் தூக்கப் போனேன். கீழ தரையில ஒராஞ்சு தீப்பொறி பட்டுருச்சு. அம்புட்டுத்தான் நடந்துச்சு. அப்ப எங்க வீட்டுக்காரரு செங்கச் சூளையில வேலையில இருந்தாரு. கையில கயிறு. வாயில ஒரு சொட்டு இல்ல. சேதி கேட்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்து என்னையப் பார்த்தாரு. பார்த்துட்டு வெளிய போயித்தான் குடிச்சாரு. தீ முந்தி. குடி பெறகு."

அண்ணன் மெல்லக் கேட்டார். "நாங்க மாத்தில்ல நெனைச்சுட்டோம்?"

"யாரும் என்கிட்டக் கேக்கலையே அண்ணாச்சி." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் மாசக்கணக்கா மதுரையில கெடந்தேன். திரும்பி வாரதுக்குள்ள ஊரு இவராலதான்னு பேசிருச்சு. குடிச்ச மயக்கத்துல எது முந்தின்னு தெரியாம அவரும் நம்பிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். பொண்டாட்டிய எரிச்சவனுக்கு ஆஸ்பத்திரி எதுக்குன்னு கேட்டாரு."

பிரபு அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனா இன்னும் அவன் விரல்களுக்கிடையே இருந்தது. மாரி அதை எடுத்தாள். அவன் விட்டுவிட்டான்.

நர்ஸ் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து நின்றாள். பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "அந்த ஸ்பிரிட்டையே கொண்டு வாங்க சிஸ்டர்" என்றாள். வந்தது. ஒட்டிய விரல்களாலேயே பஞ்சை எடுத்து நனைத்து, முதலில் தன் கையில் தடவிக்கொண்டாள். பிறகு பிரபுவின் பக்கம் திரும்பினாள்.

"இப்ப உன்கிட்டச் சொன்னதை அவருகிட்டத் தெனம் சொன்னேன் தம்பி. கேக்குற நெதானத்துல அவரு ஒரு நாளும் இல்ல. நீ இன்னிக்கு நெதானமா இருக்க. நான் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? அப்பக் கையை நீட்டு."